‘என்னோடது’ என்றவள்

எங்கள் வீட்டு மாடியில் பதினாலு மாதம் குடியிருந்த அந்த நர்ஸ் பிள்ளையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் ராயப்பன்பட்டியில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். அவளுக்கு அதில் ஒரு கூச்சமும் இருக்காது. கூச்சமெல்லாம் எனக்குத்தான். இத்தனை வருசம் கழித்தும் அவள் பேச்சை எடுத்தால் என்னால் ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை. எழுந்து போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருப்பேன்.

குடிவந்த முதல் வாரமே அவளைத் தெருவுக்குத் தெரிந்துபோனது. ஆடி மாதம். எங்கள் பள்ளத்தாக்கில் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று தேனிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எதிர்த்த வெல்டிங் பட்டறைக்காரர் ஒரு நீளக் கம்பியின் நுனியில் எதையோ மாட்டித் தூக்கிப் பிடித்தபடி எங்கள் வாசலுக்கு வந்தார். பார்த்தால் உள்ளாடை. அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, காற்றில் பறந்து வந்தது, யாருடையது என்று தெரியவில்லை என்றார். நானும் என் ஓரகத்தியும் வாசலில்தான் நின்றிருந்தோம். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எங்களுடையது இல்லை என்று தலையை ஆட்டினோம். என் மாமியார் அதைப் பார்க்காத மாதிரி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அவள் பல் துலக்கிக்கொண்டே படியிறங்கி வந்தாள். வாயில் நுரையோடு, “என்னோடதுண்ணே, குடுங்க. நல்லவேளை, ஒங்க நெருப்புல விழாமப் போச்சு” என்று கம்பியிலிருந்து உருவி, நடுத்தெருவில் ஒரு உதறு உதறி, தோளில் போட்டுக்கொண்டு மேலே போய்விட்டாள். அந்த மனிதர் வெறும் கம்பியை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார்.

அதுதான் அவள். ‘யாரோடது’, ‘யார் செஞ்ச வேலை’ என்று ஒரு கேள்வி வந்து, பதில் இல்லாமல் ஒரு நிமிடம் நின்றால் போதும், அவளுக்குத் தாங்காது. கால் ஆட ஆரம்பித்துவிடும். நின்றபடி சாப்பிடுவாள், நடந்தபடி போன் பேசுவாள், உட்கார்ந்தால் முழங்கால் தையல் மெசின் மாதிரி ஆடும். அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் கூட இருந்த பெண் ஒருத்தி சொன்னாள்: பிரஷர் பார்க்கிற மெசின் கீழே விழுந்து, டாக்டர் யாரென்று கேட்டு முடிப்பதற்குள் இவள் கை மேலே போய்விடுமாம். பாதி இவள் செய்தது, பாதி செய்யாதது. அங்கே எல்லோருக்கும் இது பழகிப்போய், ஆளாளுக்குத் தங்கள் தப்பை இவள் பக்கம் தள்ளிவிட்டு நிம்மதியாக இருந்தார்களாம். அதைக் கேட்டு எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெட்கங்கெட்ட ஜென்மங்கள் என்று வாய் வலிக்கத் திட்டினேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் வாயிலேயே நான் போட்டுக்கொள்ள வேண்டும்போல இருக்கிறது.

என்னிடமும் அந்த வித்தையைக் காட்டினாள். ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நான் எங்கேயோ யோசனையில் இருந்தேன். பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து வீடே தீய்ந்த நாற்றம். மாமியார் உள்ளே வந்தார். மோர் வாங்க வந்து நின்றிருந்த இவள் முந்திக்கொண்டு, நான்தான் பேச்சுக்கொடுத்தேன் ஆத்தா, தப்பு என்னோடது என்றாள். அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. மாமியார் முணுமுணுத்துவிட்டுப் போனதும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். என் தப்பை வாங்கிக்கொள்ள நீ யார் என்று கேட்டேன். அவள் சிரித்தாள். “ஒத்துக்கிட்டாச் சட்டுனு முடிஞ்சுரும்லக்கா. யாரு யாருன்னு தேடிக்கிட்டே இருந்தா வீடு நாறிப்போகும்” என்றாள். மோரை நின்றபடி குடித்துவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சின்னமனூர்ப் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிற குடும்பம். மாமனார் போய்ச் சேர்ந்தபிறகு மாமியார் சொல்தான் சட்டம். என் வீட்டுக்காரர் மூத்தவர். கொழுந்தனும், மார்க்கையன்கோட்டையிலிருந்து வந்த அவன் பெண்டாட்டியான என் ஓரகத்தியும் அப்போது ஒரே வீட்டில்தான். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டு நுழையக்கூடாது. வீட்டுக்குத் தூரமான பெண்ணும் நுழையக்கூடாது. நுழைந்தால் கொடி கருகும் என்பார்கள். இலை கிள்ளுகிற நாளில் கிள்ளிப் போடுவது ஆட்கள், அதை நூறு நூறாக அடுக்கிக் கவுளி கட்டுவது நானும் ஓரகத்தியும். என்றைக்கு நான் போகவில்லையோ அன்றைக்கு ஊருக்கே விஷயம் தெரியும். இலை கிள்ளுகிறவன், மூட்டை தூக்குகிறவன், வெற்றிலைக் கமிஷன் கடைக்காரர் எல்லோரும் மாமியாரிடம், என்னக்கா, மூத்த மருமகளைக் காணோம் என்று கேட்பார்கள். கேட்டுவிட்டு உதட்டை மடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு மாதமும் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சம் இல்லை. தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கினவள், பின்கட்டு அறையில் தனித் தட்டோடு மூன்று நாள் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒரு தடவை மொட்டைமாடியில் நர்ஸ் பிள்ளையிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். அவள் உள்ளே போய் ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். சவுதியில் நாலு வருசம் இருந்துவிட்டு வந்தவள். அவளுடைய அக்கா இன்னும் அங்கேதான் இருந்தாள், ஆள் வரும்போதெல்லாம் கொடுத்தனுப்புவாள். பெட்டிக்குள் டேம்பான். சுண்டுவிரல் நீளத்தில் கெட்டியாக உருட்டின பஞ்சு, அதன் வாலில் ஒரு வெள்ளை நூல். இதை உள்ளே வைத்துக்கொண்டால் ஓடலாம், ஏறலாம், பம்புசெட்டில் குளிக்கலாம், ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது என்றாள். ஒன்றே ஒன்று மட்டும் மூன்று தடவை சொன்னாள். எட்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது, ஆகாது.

வைக்கப் பழகவே எனக்கு இரண்டு மாதம் ஆனது. பழகினபிறகு வந்த திமிர் இருக்கிறதே! என் நாளை நானே வைத்துக்கொண்டேன். உண்மையான மூன்று நாளும் கொடிக்காலில் கவுளி கட்டினேன். பிறகு எனக்கு எப்போது அலுப்பாக இருந்ததோ அப்போது தூரம் என்று சொல்லிப் பின்கட்டில் காலை நீட்டிப் படுத்து வாரப்பத்திரிகை படித்தேன். மாமியார் எனக்குச் சோறு கொண்டுவந்து வைத்தார். நாலு மாதம் இப்படி ராணி மாதிரி இருந்தேன்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள் இலை கிள்ளுவது இழுத்துக்கொண்டே போனது. காலை ஆறு மணிக்குப் போனவள் இரண்டு மணி வரைக்கும் எழுந்திருக்க முடியவில்லை. எட்டு மணி நேரம் என்று அவள் சொன்னது காதுக்குள் கொசு மாதிரி பாடிக்கொண்டே இருந்தது. கொடிக்காலில் ஏது கக்கூஸ்? கடைசி வரிசைக்குப் போனேன். அகத்தி மரங்களில் கொடி ஏறி இரண்டு பக்கமும் பச்சைச் சுவராக இருக்கும், ஆள் தெரியாது. மாற்றிக்கொண்டேன். எடுத்ததை என்ன செய்வது? காகிதம் இல்லை. கைக்கு எட்டினது வெற்றிலைதான். இரண்டு வெற்றிலையில் சுற்றி, குச்சியால் ஒரு சாண் தோண்டிப் புதைத்து, காலால் மிதித்துவிட்டு வந்து மறுபடி கவுளி கட்ட உட்கார்ந்தேன்.

பத்து நாள் கழித்து என் வீட்டுக்காரர் மண்வெட்டியைத் தாம்பாளம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தார். வாய்க்காலில் பாய்ந்த தண்ணீர் மண்ணைக் கரைத்து அதை வெளியே தள்ளியிருந்தது. மண்வெட்டியின் மேல் பாதி மக்கின வெற்றிலை. அதன் நடுவில் காய்ந்து கறுத்த பஞ்சு, பஞ்சில் நூல். வெற்றிலையும் ரத்தமும் நூலும் ஒன்றாக இருந்தால் எங்கள் பக்கத்தில் அதற்கு ஒரே ஒரு பெயர்தான். செய்வினை.

போதாக்குறைக்கு அந்த வாரம்தான் இரண்டு வரிசைக் கொடி மஞ்சளடித்து வாட ஆரம்பித்திருந்தது. அது வேர் அழுகல், மழைக்குப் பிறகு வரும், பக்கத்துக் கொடிக்காலிலும் வந்திருந்தது. படித்த பாடத்தில் அதன் படம்கூட எனக்கு ஞாபகம் இருந்தது. ஆனாலும் ஒரு மஞ்சள் இலையைக் கிள்ளித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நான் போனதால்தான் ஆனதோ என்று ஒரு நிமிடம் நம்பினேன். பட்டம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம்.

குமுளிப் பக்கமிருந்து குறி சொல்கிற ஒரு ஆளைக் கூட்டிவந்தார்கள். அவன் தொடவில்லை. பத்தடி தள்ளி நின்று கண்ணை மூடிக்கொண்டு, இது ஒரு பெண் செய்தது, வெளியாள் இல்லை, வீட்டுக்கு வாழ வந்தவள் என்றான். பாவி, அதைமட்டும் சரியாகச் சொல்லித் தொலைத்தான். வாழ வந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். என் மாமியாரின் கண் நேராக ஓரகத்தியின் மேல் போனது. கொழுந்தன் தன் பாகத்தை விற்றுவிட்டுத் தேனியில் கடை வைக்கப்போவதாக அந்த வருசம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். தூண்டிவிடுவது இவள்தான் என்று மாமியாருக்கு ஏற்கனவே மனத்தாங்கல். கொடிக்கால் கெட்டால் விற்க மறுப்புச் சொல்ல முடியாது, அதற்குத்தான் இப்படிச் செய்துவிட்டாள் என்று கணக்குப் போட்டுவிட்டார்.

ஓரகத்தி அழவில்லை. எனக்கு இது என்னவென்றே தெரியாது என்று ஒரே வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிச் சொன்னாள். கொழுந்தன் மாட்டுக்கு வைக்கோல் போடப் போய்விட்டான். வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கருப்பசாமி கோயிலில் சூடத்தை அடித்து அணைத்துச் சத்தியம் செய்யட்டும், மறுத்தால் அப்பன் வீட்டுக்குப் போகட்டும் என்று மாமியார் முடிவாகச் சொன்னார். சத்தியம் செய்தபின் வீட்டில் யாருக்காவது ஒரு காய்ச்சல் வந்தாலும் அதுவும் அவள் தலையில்தான் விடியும். எந்தப் பக்கம் போனாலும் அவள் வாழ்க்கை போச்சு.

நான் மாடிக்கு ஓடினேன். நர்ஸ் பிள்ளை டூட்டி முடிந்து வந்து, நின்றபடி வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. அதை நான் முதல் தடவையாக அப்போதுதான் பார்த்தேன். “நீங்க சொல்லிருங்கக்கா. சொல்லிட்டா முடிஞ்சுரும். பயமா இருந்தா நான் கூட நிக்கிறேன்” என்றாள். சொல்கிறேன், வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடுகிறேன் என்றேன். இறங்கி வரும்போது, வெள்ளிக்கிழமை பதினோரு மணி, கருப்பசாமி கோயில் என்று இன்னொரு தடவை சொன்னேன். எதற்கு இரண்டு தடவை சொன்னேன் என்று என்னை நானே அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் நான் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்ததும் சொல்லிவிடலாம் என்று போவேன், குழம்பை ஊற்றிவிட்டு வந்துவிடுவேன். மாமியாரிடம் போவேன், மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வந்துவிடுவேன். தூரத்தோடு கொடிக்காலுக்குள் போனேன் என்று சொல்ல வேண்டும். நாலு மாதம் உங்களை ஏமாற்றிச் சோறு வாங்கித் தின்றேன் என்று சொல்ல வேண்டும். வாடின கொடி முழுக்க என் பெயரில் எழுதப்படும். ஓரகத்தியைப் பார்க்கக்கூடாது என்று கொல்லைப்பக்கமே சுற்றிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. கோயிலில் எங்கள் வீட்டு ஆட்களோடு பங்காளிகள் ஏழெட்டுப் பேர். பூசாரி படிக்கல்லில் சூடத்தை ஏற்றினார். ஓரகத்தி ஈரச்சேலையோடு முன்னால் போய் நின்றாள். நான் பக்கத்தில் ஒதுங்கி வேப்பமரத்தடியில் நின்றேன். சொல்லிவிடலாம் என்று ஒரு அடி முன்னால் வைத்தேன், சாமி சத்தியமாக வைத்தேன், மறுபடி மரத்தடிக்கே வந்துவிட்டேன். ஓரகத்தி கையை ஓங்கினாள். அப்போது ஸ்கூட்டி வந்து நின்ற சத்தம் கேட்டது.

அவள் நர்ஸ் உடுப்போடு நேராக உள்ளே வந்தாள். செருப்பை மட்டும் கழற்றினாள். “நிறுத்துங்க. அது என்னோடது” என்றாள். யாருக்கும் புரியவில்லை. அவள் பையிலிருந்து புதிது ஒன்றை எடுத்துப் பிரித்து, நூலைப் பிடித்துத் தொங்கவிட்டுக் காட்டினாள். தன்னுடைய தண்ணீர் பாட்டிலுக்குள் அதைப் போட்டாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தண்ணீரைக் குடித்து ஊதிப் பெருத்தது. பங்காளிகள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து அவரவர் காலைப் பார்த்தார்கள்.

“செய்வினையும் இல்ல, ஒண்ணும் இல்ல. பொம்பளைகளுக்கு மாசாமாசம் வர்றதுக்கு வைக்கிற பஞ்சு. ஒங்க பம்புசெட்டுல குளிக்க வந்தன்னைக்கு நான்தான் பொதைச்சேன். ஆழமாப் பொதைக்கல. அது என் தப்பு” என்றாள். மாமியார், தீட்டோடு கொடிக்காலுக்குள் போனாயா என்று கேட்டார். ஆமாம் ஆத்தா என்றாள். சூடம் தானாகவே எரிந்து அணைந்தது. ஓரகத்தி கையைத் தாழ்த்தி, அதில் ஒன்றும் ஒட்டாதபோதும் சேலையில் துடைத்துக்கொண்டாள். அவளிடம் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஒரு வாரத்தில் வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். கொடிக்காலுக்கு மஞ்சள் தண்ணீரும் கோமியமும் தெளித்தார்கள். அவள் சாமானைக் கட்டிக்கொண்டிருந்தபோது மாடிக்குப் போனேன். நன்றி சொல்லத்தான் போனேன், ஆனால் வாயில் வந்தது வேறு. யார் உன்னைச் சொல்லச் சொன்னது, நான் சொல்லியிருப்பேன், என் பேச்சை ஏன் பிடுங்கிக்கொண்டாய் என்று கத்தினேன். எவ்வளவு கேவலம் பாருங்கள். அவளுக்குக் கோபம் வரவில்லை. “நீங்க சொல்லுவீகன்னு ரோட்டுல தள்ளி, மரத்து மறைவுல வண்டிய நிறுத்திட்டு அஞ்சு நிமிசம் பாத்தேன்க்கா. அந்தப் பிள்ள கையை ஓங்கிருச்சு. என்னால நிக்க முடியல” என்றாள். எனக்கு அழுகை வந்தது. அவள் பாத்திரத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டே இருந்தாள்.

போகும்போது ஒரு சின்னத் துணிப்பையைக் கையில் திணித்தாள். உள்ளே ஊதா நிறத்தில், பிள்ளைகள் விளையாடும் சொப்புக் கிண்ணம் மாதிரி ஒன்று, அடியில் சின்னக் காம்பு. தொட்டால் ரப்பர் போல மெத்தென்று இருந்தது. மாதவிடாய்க் கப் என்றாள். அக்காவும் சவுதியிலிருந்து திரும்பப் போகிறாள், இனிமேல் பெட்டி வராது, அதனால் குமுளியில் இருக்கிற கூட்டாளி மூலம் தனக்கு ஒன்றும் எனக்கு ஒன்றும் வாங்கியிருக்கிறாள். “இதுல தூரப்போட ஒண்ணுமே இல்லக்கா. ஊத்துனோமா, கழுவுனோமா, திரும்ப வச்சோமா. பொதைக்க எடம் தேட வேணாம். ஒங்களோடது ஒங்ககிட்டயே இருக்கும்” என்றாள். மாதம் ஒருமுறை முடிந்தபிறகு நல்லாக் கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கணும், அதை மறந்துராதீக என்றாள்.

அந்தக் கப்பை நான் ஆறு மாதம் தொடவில்லை. பிறகு ஒரு நாள் வைராக்கியம் வந்து, மடித்து, எப்படியோ வைத்துவிட்டேன். வைத்தது சரி, சாயங்காலம் எடுக்க வரவில்லை. காம்பு வழுக்குகிறது, இழுத்தால் உயிர் போகிறது. குளியலறைக்குள் வியர்த்து ஊற்றி, வேறு வழியில்லாமல் அவளுக்கே போன் போட்டேன். கம்பம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாள். பின்னால் ஹாரன் சத்தம். விஷயத்தைச் சொன்னதும், “பதறாதீகக்கா, குத்தவச்சு உக்காருங்க. காம்பை இழுக்காதீக. அடியைக் கிள்ளுங்க, காத்து எறங்கணும். கொஞ்சம் முக்குங்க” என்று பஸ் முழுக்கக் கேட்கக் கத்தினாள். பக்கத்தில் யாரோ என்னவோ கேட்டிருக்க வேண்டும். “ஆமாண்ணே, பொம்பளைக சமாச்சாரந்தான். நீங்க சன்னல் பக்கம் பாருங்க” என்று அவருக்கும் ஒரு பதில் சொன்னாள். கிள்ளினேன், காற்று இறங்கியது, கையோடு வந்துவிட்டது. அந்தக் குளியலறைத் தரையில் உட்கார்ந்து நான் சிரித்த சிரிப்பை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அவளிடம் நான் பேசியது அதுதான் கடைசி. மறுபடி வெளிநாடு போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்த நம்பர் இப்போது உபயோகத்தில் இல்லை என்கிறது.

ஆறு வருசம் அதே கப். ஒரு சின்ன எவர்சில்வர் சட்டியைத் தனியாக வைத்துக்கொண்டு, மாமியார் கொடிக்காலுக்குப் போகிற நேரம் பார்த்துக் கொதிக்கவைப்பேன். இதற்கு நடுவில் பாகம் பிரிந்து கொழுந்தன் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டான். ஆனால் இப்போதெல்லாம் கவுளி கட்டுவது எங்கள் வீட்டுக் கூடத்தில்தான், அதற்கு ஓரகத்தி இன்னும் வருவாள். என்னோடு நன்றாகத்தான் பேசுவாள். பேசும்போதெல்லாம் எனக்குத்தான் உட்கார்ந்த இடம் சுடும்.

போன மாசிக்கு முந்தி ஒரு நாள் மாமியார் வழக்கத்தைவிடச் சீக்கிரம் திரும்பிவிட்டார். நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டியை எட்டிப் பார்த்து, இடுக்கியால் கப்பைத் தூக்கினார். “இது என்னத்தா, பால்புட்டி மூடியா? யாரோடது?” என்றார். கூடத்தில் ஓரகத்தி இலை அடுக்கிக்கொண்டிருந்தாள். ஆமாம் அத்தை, புட்டி மூடிதான் என்று சொன்னால் விஷயம் அத்தோடு போச்சு. பொய்யை அவரே தட்டில் வைத்து நீட்டினார். எனக்கு முழங்கால் ஆட ஆரம்பித்தது, அவளுக்கு ஆடுமே, அந்த மாதிரி.

“என்னோடது அத்தை” என்றேன். எதற்கு என்பதையும் சொன்னேன். சொல்ல ஆரம்பித்தபிறகு நிறுத்த முடியவில்லை. “அன்னைக்குக் கொடிக்கால்ல கெடந்ததும் என்னோடதுதான். அந்தப் பிள்ளையோடது இல்ல” என்றேன்.

மாமியார் திட்டுவார் என்று பார்த்தேன், கொடி வாடினதைப் பற்றிக் கேட்பார் என்று பார்த்தேன். இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு அடுப்படி வாசலில் உட்கார்ந்துவிட்டார். “அந்த நர்ஸ் பிள்ளை இப்ப எங்கன இருக்கு?” என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை என்றேன். கூடத்தை எட்டிப் பார்த்தபோது ஓரகத்தி எழுந்து போயிருந்தாள்.

ஒத்துக்கொண்டால் சட்டென்று முடிந்துவிடும் என்று அவள் சொன்னாளே, அது ஒன்றும் உண்மை இல்லை. ஓரகத்தி ஒரு மாதம் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. மாமியார் கவுளி கட்டத் துணைக்கு உட்கார்ந்தார். ஒரு மாதம் கழித்து, இலை கிள்ளின ஒரு நாள், ஒன்றுமே நடக்காத மாதிரி அவள் வந்து என் எதிரில் உட்கார்ந்து இலையை அடுக்க ஆரம்பித்தாள். நாலைந்து கவுளி முடிந்தபிறகு, தலையைத் தூக்காமலே கேட்டாள்.

“நான் சூடத்துக்கு முன்னாடி நின்னப்ப, நீங்க என்னக்கா நெனச்சுக்கிட்டு நின்னீக?”

பயந்துபோய் நின்றேன் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் பாதி உண்மைதான். ஆனால் இரண்டு தடவை சொல்லி அனுப்பினேனே, வெள்ளிக்கிழமை பதினோரு மணி, கருப்பசாமி கோயில் என்று. அது எதற்கு என்று எனக்குத் தெரியாதா?

“நர்ஸ் வந்துருவான்னு நெனச்சேன்” என்றேன். “அவளால வராம இருக்க முடியாதுன்னு தெரியும். ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னேன்.”

ஓரகத்தியின் கை நிற்கவில்லை. “ஒங்க தேதி எனக்குத் தெரியும்க்கா. எப்பவும் எனக்கு ரெண்டு நாள் முந்தி. அந்த நாலு மாசமும் நீங்க நாளை மாத்தி மாத்தி ஒதுங்குனீக. அத்தை கவனிக்கல, நான் கவனிச்சேன். நான் சொன்னா யாரும் நம்பியிருக்க மாட்டாக. நீங்க ரோட்டைப் பாத்தீக. நான் ஒங்களைப் பாத்துக்கிட்டு நின்னேன்” என்றாள்.

நூறு இலை சேர்ந்துவிட்டது. நாரை எடுத்துக் கட்டித் தள்ளிவைத்துவிட்டு, அடுத்த கவுளிக்கு ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள்.